120 ரூபாய் கவுண்டரும் அரை மீட்டர் துணியும்

அஸ்ஸலாமு அலைக்கும் மக்களே. அதே மொட்டை மாடி, அதே காற்றுச் சத்தம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதைப் பாருங்கள். விரலில் மோதிரம் மாதிரி மாட்டி, எத்தனை தடவை ஓதினோம் என்று எண்ணுகிற தஸ்பீஹ் கவுண்டர். 150 சொன்னார், 120க்குப் பேசி முடித்தேன். எனக்குப் பேரம் பேசத் தெரியாது என்று கமெண்டில் எழுதுகிறவர்கள் கவனிக்கவும். ஆனால் இதைச் செய்த புண்ணியவான், எண்ணுகிற பட்டனை ஒட்டியே பூஜ்யமாக்குகிற பட்டனையும் வைத்திருக்கிறார். இஷா என்கிற இரவுத் தொழுகையைத் தொழுதுவிட்டு அஸ்தஃபிருல்லாஹ் (அல்லாஹ்விடம் மன்னிப்புத் தேடுகிறேன்) என்று ஓதிக்கொண்டே போகிறேன், 87ல் கட்டைவிரல் வழுக்கியது. பூஜ்யம். மறுபடி முதலிலிருந்து. 61ல் பூஜ்யம். நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு உம்மா, "விரல் எதுக்கு இருக்கு?" என்றார்கள். பதிலே இல்லை. விரல்களால் எண்ணுங்கள், மறுமையில் அவை பேசவைக்கப்படும் என்று நபி (ஸல்) பெண்களிடம் சொன்ன ஹதீஸ் அபூதாவூத் என்கிற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. போச்சு 120.

சரி, திடீரென்று இவ்வளவு இஸ்திக்பார், அதாவது பாவமன்னிப்புத் தேடல் எதற்கு? நபியவர்களே ஒரு நாளைக்கு 70 தடவைக்கு மேல் பாவமன்னிப்புத் தேடியதாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. அது ஒரு காரணம். உண்மையான காரணம், பெருநாள் துணி வீடியோ. தையல் கடை அண்ணாச்சி மிச்சத் துணி அரை மீட்டரை அமுக்கிவிட்டார் என்று நாலு நிமிஷம் பொரிந்து தள்ளினேனே, அதுதான். போன வாரம் பீரோவைத் துடைத்தேன். அடித்தட்டில், பழைய துப்பட்டாவுக்குள் அந்தத் துணி. மடிப்புக்கூடக் கலையவில்லை.

உடனே தவ்பாத் தொழுகை தொழுதேன். தவ்பா என்றால் பாவத்தை விட்டுத் திரும்புவது. பாவம் செய்தவர் 2 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுது அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டால் அவன் மன்னிக்கிறான் என்று நபித்தோழர் அபூபக்ர் (ரலி) வழியாக வந்த ஹதீஸ் இருக்கிறது. அட, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுகிற ஒளுவைச் சொல்ல விட்டுவிட்டேன். முதலில் ஒளு செய்ய வேண்டும், அதுவும் அதே ஹதீஸில்தான் வருகிறது. இவ்வளவுதான் விஷயம், நடுவில் ஆளே கிடையாது. "இந்த துஆவை (வேண்டுதலை) 10 பேருக்கு அனுப்பினால் பாவம் அழியும்" என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு அனுப்பாதீர்கள்.

தொழுதுவிட்டு ஸய்யிதுல் இஸ்திக்பார் ஓதினேன். பாவமன்னிப்பு துஆக்களுக்கெல்லாம் தலையானது அது. சின்ன வயதிலிருந்து மனப்பாடம் என்பதால் வாய் பாட்டுக்கு ஓடும். அன்றைக்கு "வ அபூஉ பிதன்பீ" என்ற இடத்தில் நின்றுவிட்டது. என் பாவத்தை ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். முசல்லாவில், தொழுகை விரிப்பில் உட்கார்ந்து ஒத்துக்கொள்கிறேன், சரி. அண்ணாச்சியிடம்?

இமாம் நவவி, 1277ல் இறந்த மார்க்க அறிஞர், தவ்பாவுக்கு நிபந்தனைகளை எழுதி வைத்திருக்கிறார். பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், திரும்பச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். அடுத்த மனிதரின் ஹக், அதாவது உரிமை அதில் இருந்தால் நாலாவதாக ஒன்று: அதை அவரிடம் தீர்க்க வேண்டும். பொருளென்றால் திருப்பிக் கொடுக்கணும், பேச்சென்றால் அவரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கணும். முதல் மூன்றும் எனக்கு ராத்திரியே முடிந்தது. நாலாவதுக்கு மூன்று நாள் அந்தத் தெரு வழியாகவே போகவில்லை. பால் வாங்கக்கூடச் சுற்றித்தான் போனேன்.

கடைசியில் வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, துணி கிடைத்த கதையை மேலே பின் செய்துவிட்டுப் போனேன். கேமரா கொண்டு போகவில்லை, கேட்காதீர்கள். துணியைக் காட்டி, "தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் மெஷினை நிறுத்தவே இல்லை. "என் மகன் அன்னைக்கே காட்டினான்மா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தையல் ஓடி முடிந்ததும் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "அது கெடக்கட்டும். அந்தப் பச்சைச் சேலைக்கு ஃபால்ஸ் அடிச்ச 60 ரூபா நிக்குதே, அதைக் குடுத்துட்டுப் போ" என்றார்.

சத்தியமாக மறந்தே போயிருந்தேன். பையில் 50தான் இருந்தது. 10 ரூபாய்க்காக வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தேன்.