பேயைக் காட்டாத பேய்ப்படமும் என் தம்பியின் கோபமும்

வணக்கம் நண்பர்களே, எல்லோரும் நலமா? இன்றைக்குப் புதுப்படம் எதுவும் இல்லை. 1999-இல் வந்த ஒரு படத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்குக் காரணம் என் தம்பி.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அம்மா அப்பா தூங்கிய பிறகு, நானும் அவனும் உட்கார்ந்து 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' பார்த்தோம். எனக்கு அது நான்காவது தடவை, அவனுக்கு முதல் தடவை. "இதைப் பார்த்தால் ஒரு வாரத்துக்குத் தூக்கம் வராது" என்று சொல்லி உட்கார வைத்ததே நான்தான். விளக்கை அணைத்தோம். அம்மா எழுந்துவிடக் கூடாது என்று டிவி சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்தோம். இந்தச் சத்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். ஏறக்குறைய 81 நிமிஷப் படம். முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அவ்வளவுதானாக்கா? பேய் எங்கே?" என்றான். குரலில் கோபம் இருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம்.

அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவன் இல்லை. படம் வெளியான சமயத்திலேயே அமெரிக்கத் தியேட்டர்களில் ஏகப்பட்ட பேர் அதையே கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். அங்கே சினிமாஸ்கோர் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. படம் வெளியாகும் நாளில் தியேட்டருக்கே போய், படம் பார்க்க வந்தவர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குவார்கள். ஏ பிளஸ்ஸில் ஆரம்பித்து எஃப் வரைக்கும் உண்டு. இந்தப் படத்துக்குக் கிடைத்தது சி பிளஸ். உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்த ஒரு படத்துக்கு, பார்த்தவர்கள் கொடுத்த மதிப்பெண் அவ்வளவுதான்.

முடிவையும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வீடியோ இங்கேதான் இருக்கும்.

கதை சின்னது. மேரிலாந்து மாநிலத்தில் பர்கிட்ஸ்வில் என்று ஒரு ஊர். அந்தப் பக்கத்துக் காட்டில் ஒரு சூனியக்காரி இருப்பதாக ஊரில் பேச்சு. சினிமா படிக்கும் மாணவர்கள் மூன்று பேர் அதைப் பற்றி ஆவணப்படம் எடுக்க உள்ளே போகிறார்கள், வழி தவறுகிறார்கள், திரும்பி வரவே இல்லை. ஒரு வருடம் கழித்து அவர்கள் எடுத்த காட்சிகள் மட்டும் கிடைக்கின்றன. நாம் பார்ப்பது அந்தக் காட்சிகளை.

படமாக்கிய விதத்தைக் கேட்டால்தான் இதன் அருமை புரியும். டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் என்று இரண்டு இயக்குநர்கள். 1997 அக்டோபரில் எட்டே நாளில் படப்பிடிப்பை முடித்தார்கள். அப்போது ஆன செலவு 60,000 டாலருக்கு மேல் போகவில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்புறம் படத்தை வாங்கிய கம்பெனி ஒலி வேலைகளுக்கும் விளம்பரத்துக்கும் செலவழித்தது தனி. நடித்த மூன்று பேர் ஹெதர் டோனஹ்யூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜோஷுவா லெனார்ட். படத்திலும் அவர்களுக்குச் சொந்தப் பெயர்தான். ஒளிப்பதிவு செய்ததும் அவர்களேதான். ஒரு கையில் வீடியோ கேமரா, இன்னொன்று 16 எம்.எம். கறுப்பு வெள்ளை. எழுதிய வசனம் என்று ஒன்றும் கிடையாது. கதையின் போக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது.

காட்டுக்குள் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதை ஜி.பி.எஸ். கருவியில் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். அங்கே போனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு குறிப்பு இருக்கும். ஒருவருடைய குறிப்பு இன்னொருவருக்குத் தெரியாது. நாளாக நாளாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ராத்திரியில் இயக்குநரின் ஆட்களே வந்து கூடாரத்தைப் பிடித்து உலுக்கினார்கள், குழந்தைகள் சத்தத்தை டேப்பில் ஓடவிட்டார்கள். திரையில் நாம் பார்க்கும் சோர்விலும் எரிச்சலிலும் பாதி நிஜம். ஹெதர் கேமராவைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக, எல்லோருடைய அம்மாக்களிடமும் மன்னிப்புக் கேட்கும் அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது.

அந்த நடிப்புக்குத்தான் அவருக்கு அந்த வருடத்தின் மோசமான நடிகை என்று ராஸி விருது கொடுத்தார்கள். ஏமாந்த ரசிகர்களின் கோபம் யார் தலையில் போய் விடிந்தது பாருங்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

சரி, ரசிகர்கள் ஏன் ஏமாந்தார்கள்? படம் எடுத்த விதத்தில் எனக்குக் காரணம் தெரியவில்லை. விற்ற விதத்தில்தான் தெரிகிறது.

1999 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படம் ஓடியது. ஆர்ட்டிசன் என்ற கம்பெனி 11 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன்பே இயக்குநர்கள் ஓர் இணையதளம் வைத்திருந்தார்கள். அதில் காணாமல் போன மாணவர்கள், போலீஸ் விசாரணை, சூனியக்காரியின் பழைய வரலாறு என்று எல்லாமே நிஜம் போல இருக்கும். மூன்று பேரின் படத்தையும் போட்டு "காணவில்லை" என்று நோட்டீஸ் வேறு. அந்த மூன்று பேரையும் வெளியில் தலைகாட்டவிடவில்லை. ஹெதருடைய அம்மாவுக்கு இரங்கல் அட்டைகளே வந்தன என்றால் யோசித்துப் பாருங்கள்.

ஜூலை மாத நடுவில் மிகச் சில தியேட்டர்களில் பார்த்தவர்களுக்கு இது உண்மையாக நடந்ததோ என்ற சந்தேகம் கூடவே இருந்தது. அவர்களுக்குக் கடைசிக் காட்சி உயிரை உலுக்கியிருக்கும். மாதக் கடைசியில் படம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தியேட்டர்களுக்கு வந்தபோது வந்தவர்கள் வேறு. "இதைவிட பயங்கரமான படம் கிடையாது" என்ற பேச்சைக் கேட்டு வந்தவர்கள். காசு கொடுத்தது சூனியக்காரியைப் பார்க்க. கிடைத்தது மூன்று பேர் வரைபடத்தைத் தொலைத்துவிட்டுச் சண்டை போடுவது. போதாக்குறைக்குக் கேமரா ஆடிய ஆட்டத்தில் பலருக்குத் தலை சுற்றி வாந்தியும் வந்தது. தியேட்டர்காரர்கள் சிலர் அதற்கென்று எச்சரிக்கையே ஒட்டி வைத்தார்கள்.

நான் தம்பிக்குச் செய்ததும் அதே காரியம். "ஒரு வாரம் தூக்கம் வராது" என்றேன் இல்லையா? அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் 81 நிமிஷமும் பேய்க்காகக் காத்திருந்தான். படத்தைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பேய்க்கு எப்போதும் ஒரு கணக்கு உண்டு. யாரோ அநியாயமாகக் கொன்றிருப்பார்கள், அந்த ஆத்மா பழி வாங்க வந்திருக்கும். இடைவேளைக்கு அப்புறம் ஃப்ளாஷ்பேக் வரும், அழுவோம், யார் யார் சாக வேண்டுமோ அவர்கள் சாவார்கள். கிராமத்தில் பாட்டி சொன்ன கதைகளும் அப்படித்தான். எந்தப் புளியமரம், யாருடைய பெண், ஏன் செத்தாள் என்று சொல்லாமல் பாட்டி கதையை முடித்ததே இல்லை. அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, ஏன் என்று கடைசிவரை சொல்லாத படம் பாதியில் நிறுத்தியது போலத்தான் தெரியும். அதில் அவன் தப்பு எதுவும் இல்லை.

இப்போது கடைசிக் காட்சிக்கு வருகிறேன். பாழடைந்த ஒரு வீடு. ஹெதர் அலறிக்கொண்டே நிலவறைக்கு இறங்குகிறார். அங்கே மைக்கேல் சுவர் மூலையைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். கேமரா கீழே விழுகிறது. படம் முடிந்தது.

தம்பி இதைப் பார்த்துவிட்டு, "அவன் ஏன் அங்கே போய் நிற்கிறான்?" என்றான். பதில் படத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் பேட்டியில் பழைய கொலைகாரன் ஒருவனைப் பற்றிச் சொல்லுவார். குழந்தைகளை இரண்டிரண்டு பேராக நிலவறைக்குக் கூட்டிப்போவானாம். ஒரு குழந்தையைக் கொல்லும்போது இன்னொரு குழந்தையை மூலையைப் பார்த்து நிற்க வைப்பானாம். அந்த ஒரு வரி காதில் விழுந்திருந்தால் கடைசி சில விநாடிகளில் உடம்பு சில்லிட்டுப் போகும். விழாவிட்டால் ஒன்றுமே இல்லை.

இதிலும் ஒரு பின்கதை உண்டு. முதலில் அந்த விளக்கம் படத்தில் இல்லை. முன்னோட்டமாகப் பார்த்தவர்களுக்கு முடிவு புரியவில்லை. ரத்தமும் தெளிவுமாக வேறு முடிவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பழைய முடிவையே வைத்துக்கொண்டு, முன்னால் அந்தப் பேட்டியை மட்டும் சேர்த்தார்கள். என் கணக்கில் அதுதான் சரியான முடிவு. நம்மைக் குழந்தையாக நினைக்கவில்லை, அதே சமயம் இருட்டிலும் விடவில்லை.

சூனியக்காரியைக் காட்டவே நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது, இதையும் கேளுங்கள். ராத்திரி கூடாரத்தை விட்டு மூவரும் ஓடும்போது ஹெதர் எதையோ பார்த்து "அது என்ன?" என்று கத்துவார் இல்லையா? அங்கே உண்மையிலேயே ஓர் உருவம் நின்றது. படத்தின் கலை இயக்குநர் உடம்பு முழுக்க வெள்ளை உடுத்தி, முகத்தையும் மூடிக்கொண்டு நின்றிருந்தார். ஓடிய ஓட்டத்தில் கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவுதான். மறுபடி எடுக்கவும் இல்லை. நல்லவேளை என்றுதான் நான் நினைக்கிறேன்.

குறைந்த செலவில் எடுத்தால் எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2012-இல் 'தி டெவில் இன்சைட்' என்று ஒரு படம் வந்தது. பத்து லட்சம் டாலரில் எடுத்தது. பேயோட்டும் கதை, இதே கையடக்கக் கேமரா பாணி. முதல் மூன்று நாளிலேயே 3 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆனால் சினிமாஸ்கோர் மதிப்பெண் எஃப். ஏன் தெரியுமா? கதை சூடு பிடிக்கும்போது கார் மோதுகிறது, திரை கறுப்பாகிறது, மேலும் விவரங்களுக்கு இந்த இணையதளத்தைப் பாருங்கள் என்று ஒரு முகவரி வருகிறது. படம் முடிந்துவிட்டது! தியேட்டர்களில் கத்தி ஊளையிட்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கதையின் முடிவுக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்?

2017-இல் வந்த 'இட் கம்ஸ் அட் நைட்' நேர்மாறு. படம் நேர்மையானது. இயக்குநர் ட்ரே எட்வர்ட் ஷல்ட்ஸ் தன் அப்பா இறந்த துக்கத்தில் எழுதியது. கொள்ளைநோய்க்குப் பயந்து காட்டு வீட்டில் ஒடுங்கிய இரண்டு குடும்பங்கள், ஒருவர் மேல் ஒருவருக்கு வரும் சந்தேகம். பேயோ பிசாசோ கிடையாது. தலைப்பும் டிரெய்லரும் ராத்திரியில் ஏதோ வரும் என்று சொல்லின. வந்தவர்கள் சினிமாஸ்கோரில் டி மதிப்பெண் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த இயக்குநரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதனால்தான் இப்போதெல்லாம் ஒரு சின்னப் பேய்ப்படம் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், "நீங்கள் எதைப் பார்க்கப் போனீர்கள்?" என்று முதலில் கேட்கிறேன். அந்தப் பதிலில் டிரெய்லரும் போஸ்டரும் பேசினால் கோபம் விற்றவர்கள் மேல் போகட்டும். 'டெவில் இன்சைட்' மாதிரி படமே கையை விரித்திருந்தால் படத்தைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

ஹெதரும் மற்ற இருவரும் 2024-இல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தங்களுக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுங்கள், எங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து அடுத்த படம் எடுத்தால் எங்களையும் கேளுங்கள் என்று. கேமராவைத் தூக்கி, வசனத்தை யோசித்து, பசியோடு நடந்து படத்தை உண்டாக்கியவர்கள் அவர்கள். கேட்க முழு உரிமை இருக்கிறது.

அப்புறம் அந்தச் சத்த விஷயம். கூடாரத்துக்குள் வரும் ராத்திரிக் காட்சிகளில் திரையில் ஒன்றுமே தெரியாது, வெறும் கறுப்பு. தூரத்தில் சுள்ளி முறிகிற சத்தம், குழந்தை அழுகிற மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். அம்மா எழக் கூடாது என்று நாங்கள் குறைத்து வைத்தது அந்தச் சத்தத்தைத்தான். பாதிப் படத்தை நானே அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

இதைச் சொல்லி புதன்கிழமை ராத்திரி என் ஹெட்போனை அவனிடம் கொடுத்தேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்த் தனியாகப் பார்த்தான். பன்னிரண்டு மணி வாக்கில் கீழே வந்து, என் அறை வாசலில் நின்று, "அந்தப் பேட்டியை இந்தத் தடவை கவனிச்சேன்கா" என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நடுவுல நடந்துக்கிட்டே இருக்கிற அரை மணி நேரம் மட்டும் இப்பவும் ரொம்ப நீளம்" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றும்.