சிக்னல் போன பிறகும் பேசுற மெஷின்கள்

உதகை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி பக்கத்துல இருந்து வந்திருக்கேன், முப்பது வருஷத்துக்கு மேல அரசு பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவ. வரப்போற டெக்னாலஜி பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. ரோபோ வருது, டிரைவர் இல்லாத கார் வருது, ஏஐ எல்லா வேலையும் பாத்துக்கும்னு போனை திறந்தாலே இந்த பேச்சுதான் ஓடுது. வரட்டும். ஆனா நம்ம மலைல நாலு நாள் விடாம பேஞ்சா என்ன ஆகுதுன்னு உங்களுக்கு தெரியும், முதல்ல மரம் விழுது, கரண்ட் போகுது, சில மணி நேரத்துல டவர் பேட்டரி தீருது, ரோட்டுல மண் சரிஞ்சு கிடக்கிறதால ஜெனரேட்டருக்கு டீசல் வரமாட்டேங்குது, அப்புறம் போன்ல ஒரு கோடு கூட இருக்காது. அதனால எந்த புது டெக்னாலஜியை பாத்தாலும் நான் முதல்ல கேக்குறது ஒரே கேள்விதான். சிக்னல் இல்லாதப்போ இது வேலை செய்யுமா? இன்னைக்கு முழுக்க அந்த கேள்வியை வெச்சுதான் பேசப்போறேன்.

எங்கப்பா ஒரு டீ எஸ்டேட்ல ரைட்டரா, அதாவது கணக்கு எழுதுறவரா இருந்தாரு. ஆபீஸுக்கு பின்னாடி, மரம் எதுவும் மேல கவியாத இடமா பாத்து, வேலி போட்டு மழையை அளக்கிற ஒரு ரெயின் கேஜ் வெச்சிருந்தாங்க. எஸ்டேட் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும். மேல ஒரு புனல், உள்ள ஒரு பாட்டில், சுத்தி ஒரு டப்பா, அவ்வளவுதான். காலைல 8.30 மணிக்கு எடுக்கணும். எட்டரைன்னா எட்டரைதான், நாடு முழுக்க வானிலைக்காரங்க மழையை அளக்கிற நேரம் அது, நீங்க ஒம்போதுக்கு எடுத்தா உங்க கணக்கை அடுத்த ஊர் கணக்கோட வெச்சு பாக்க முடியாது. அப்பா பாட்டில் தண்ணியை கோடு போட்ட கண்ணாடி குவளைல ஊத்தி என்னை படிக்க சொல்வாரு. நான் நின்னுக்கிட்டே பாத்து சொன்னா ஒத்துக்க மாட்டாரு, குனி, கண்ணு தண்ணி மட்டத்துக்கு வரணும், ஓரத்துல தண்ணி மேல ஏறி நிக்குது பாரு அதை பாக்காத, நடுவுல குழியா இருக்குல்ல, அந்த அடி எந்த கோட்டுல இருக்குன்னு சொல்லுன்னு சொல்வாரு. ஆறு வயசுல நான் படிச்ச முதல் பிசிக்ஸ் பாடம் அதுதான். அப்புறம் ரிஜிஸ்டர்ல நீல மையில எழுதுவாரு, மழை இல்லாத நாளுக்கும் இல்லைன்னு எழுதணும், காலியா விடக்கூடாது.

அந்த எண்ணை சும்மா கேட்டா ஒண்ணும் தோணாது. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு ஏக்கர்ல நாலாயிரம் லிட்டர் தண்ணி விழுந்திருக்குன்னு அர்த்தம். ஒரு மில்லிமீட்டருக்கு. 2019 ஆகஸ்ட்ல நம்ம அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பேஞ்சுது, ஞாபகம் இருக்கும், 820 மில்லிமீட்டர். கணக்கு போட்டு பாருங்க, ஏக்கருக்கு 33 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் தண்ணி லாரின்னா 270 லாரிக்கு மேல, ஒரு ஏக்கருக்கு, ஒரு நாள்ல. அந்த தண்ணியை மண்ணு எப்படி தாங்கும்.

2009 நவம்பரை நாம யாரும் மறக்க மாட்டோம். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி எல்லா பக்கமும் நிலச்சரிவு, நாப்பது பேருக்கு மேல இறந்து போயிட்டாங்க. அப்போ நான் கல்யாணமாகி ஒரு மேடு தாண்டி இருந்தேன், அப்பா ஞாபகமா வீட்டு மாடில நானும் ஒரு ரெயின் கேஜ் வெச்சிருந்தேன். அந்த வாரத்துல ஒரு நாள் காலைல எங்க வீட்டு பாட்டில் பாதி கூட நிரம்பல. பரவாயில்ல, மழை குறையுதுன்னு நினைச்சேன். அப்பா வேலை பாத்த எஸ்டேட்ல பாட்டில் நிரம்பி, வழிஞ்சு, வெளி டப்பாலயும் தண்ணி நின்னுச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நடுவுல ஒரு மேடுதான், நேரா போனா நாலு கிலோமீட்டர் கூட இருக்காது. எங்க வீட்டு பாட்டிலை நம்பி அந்தப்பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் பயமில்லன்னு சொல்லியிருந்தா? இதை நினைக்கிறப்போ எனக்கு இன்னும் உள்ள ஒரு மாதிரி ஆகும். சமவெளில பத்து கிலோமீட்டருக்கு ஒண்ணு வெச்சா போதும்னா நமக்கு மேட்டுக்கு மேடு வேணும், ஒவ்வொரு ஹட்டிக்கும், அதாவது படுகர் ஊருக்கும், எஸ்டேட் தொழிலாளிங்க இருக்கிற ஒவ்வொரு லைன் வீட்டுக்கும் மேல ஒண்ணு வேணும்.

டெக்னாலஜி இங்கதான் வருது, எனக்கு ரொம்ப பிடிச்ச டெக்னாலஜி இது. இப்போ வர்ற மழைமானில பாட்டில் கிடையாது. உள்ள சீசா பலகை மாதிரி ரெண்டு சின்ன கரண்டி, ஒரு கரண்டி நிரம்பினா டக்குனு சாஞ்சு கொட்டிடும், அடுத்தது மேல வந்து நிக்கும். ஒவ்வொரு டக்குக்கும் இவ்வளவு மில்லிமீட்டர்னு கணக்கு, அதை ஒரு சின்ன சிப் எண்ணிக்கிட்டே இருக்கும். அந்த எண்ணிக்கையை அனுப்புறது லோரான்னு ஒரு வகை ரேடியோ, நம்ம நாட்டுல 865-ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இதுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டோ, வீடியோ எதுவும் அதுல போகாது. நாலஞ்சு எண்ணுதான் போகும், மெதுவாதான் போகும், ஆனா எதிர் மேடு கண்ணுக்கு தெரிஞ்சா பல கிலோமீட்டர் தாண்டி போகும், டவர் வேண்டாம், சிம் வேண்டாம். அந்த சிப் முக்காவாசி நேரம் தூங்கும், எழுந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு திரும்ப தூங்கிடும், அதனால ஒரு பேட்டரியே வருஷக்கணக்குல வரும்.

என் பழைய மாணவர் ஒருத்தரும் நானும் சேர்ந்து ஒண்ணு செஞ்சு வெச்சோம், ஒரு சாதாரண போன் விலைல பாதி கூட ஆகல. முதல் வாரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் கொட்டுற மழைல மழையே இல்லைன்னு சொல்லுது. திறந்து பாத்தா ரெண்டு கரண்டிக்கும் நடுவுல சிலந்தி வலை கட்டியிருக்கு, கரண்டி அசையல. இன்னொரு தடவை சில்வர் ஓக் இலை புனலை அடைச்சிடுச்சு. நாங்க அதுல மாட்டியிருந்த சோலார் தகடுக்கு ஜூலை மூடுபனில வெயிலே கிடைக்காம போச்சு. இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, எல்லாரும் கருவி வாங்குறதுக்கு காசு ஒதுக்குறாங்க, வாரம் ஒரு தடவை போய் இலையை எடுக்கிற ஆளுக்கு காசு ஒதுக்குறதில்ல. அந்த ஆளும் சேர்ந்ததுதான் டெக்னாலஜி. திரும்ப சொல்றேன், அந்த ஆளும் சேர்ந்ததுதான்.

சரி, எண்ணு வந்துடுச்சு, அதை வெச்சு என்ன செய்யுறது? இந்திய புவியியல் ஆய்வு நிறுவனம் 2024 ஜூலைல கொல்கத்தால தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் ஆரம்பிச்சாங்க. டார்ஜிலிங், கலிம்போங்கோட நம்ம நீலகிரியும் அதுல முதல்ல எடுத்துக்கிட்ட மாவட்டம். எவ்வளவு பேஞ்சா எந்த சரிவு நகரும்ங்கிறதை பழைய மழை, பழைய சரிவு ரெண்டையும் சேர்த்து வெச்சுதான் கம்ப்யூட்டர் கத்துக்குது. பழைய கணக்கு இல்லைன்னா எவ்வளவு பெரிய ஏஐயா இருந்தாலும் கையை விரிச்சிடும்.

இங்க நான் எஸ்டேட்காரங்க எல்லாரையும் கேட்டுக்கிறேன், கையெடுத்து கும்பிட்டு கேட்டுக்கிறேன். உங்க ஆபீஸ் அலமாரில இருக்கிற மழை ரிஜிஸ்டரை பழைய பேப்பருக்கு போட்டுடாதீங்க. எங்கப்பா எழுதின ரிஜிஸ்டர், முப்பது வருஷ கணக்கு, கட்டடம் மாத்துறப்போ எரிச்சிட்டாங்க. நான் தேடி போனப்போ குப்பை மேட்டுல ஓரம் கருகின அட்டை ஒண்ணுதான் கிடைச்சுது, உள்ள ஒரு தாள் கூட இல்ல. பழனி மலைல கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை பாருங்க, நூறு வருஷத்துக்கு மேல தினமும் சூரியனை எடுத்த படத்தையெல்லாம் பத்திரமா வெச்சிருந்து இப்போ கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்காங்க, உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரங்க அதை எடுத்து பாக்குறாங்க. நம்ம ரிஜிஸ்டரும் அப்படிப்பட்ட சொத்துதான். கையெழுத்தை போட்டோவுல இருந்து படிச்சு எண்ணா மாத்துற ஏஐ இப்போவே வந்தாச்சு, வருஷா வருஷம் நல்லா ஆகிட்டும் வருது. அதனால இப்போதைக்கு ஒரு பக்கம் விடாம போன்ல போட்டோ எடுத்து வையுங்க, படிக்கிற வேலையை அப்புறம் பாத்துக்கலாம்.

அடுத்தது மிருகம். கோத்தகிரில கரடி, கூடலூர்ல யானை, எல்லா பக்கமும் காட்டெருமை, இதை நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. காலைல அஞ்சரைக்கு பால் ஊத்த போறவங்களுக்கு தேயிலை செடிக்குள்ள கரடி படுத்திருக்கா இல்லையான்னு முன்னாடியே தெரியணும். இப்போ கேமராவுக்குள்ளயே ஏஐ சிப் வைக்கிறாங்க. படத்தை எங்கயோ இருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பி கேக்காம அங்கயே பாத்து அங்கயே முடிவு பண்ணிடும், அனுப்பவேண்டியது கரடின்னு ஒரு வார்த்தை மட்டும்தான், அந்த ஒரு வார்த்தையை லோராவே கொண்டு போயிடும். கோயம்புத்தூர் மதுக்கரைல தண்டவாளத்துல யானை அடிபடாம இருக்க 2024 பிப்ரவரில இருந்து ஏஐ கேமரா வெச்சு பாக்குறாங்க, பெரிய டவர் போட்ட பெரிய ஏற்பாடு அது. வால்பாறைல அதுக்கு ரொம்ப முன்னாடியே, பக்கத்துல யானை இருந்தா சிவப்பு லைட் எரியும், ஊர்க்காரங்களுக்கு எஸ்எம்எஸ் போகும். லைட்டை போனை வெச்சே ஆன் பண்ணிடலாம். எனக்கு அந்த சிவப்பு லைட்தான் மனசுல நிக்குது, அதை பாத்து புரிஞ்சுக்க படிச்சிருக்க வேண்டியதில்ல, கையில போனும் வேண்டியதில்ல.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நேரத்தை காட்டுறாங்க, இன்னும் மூணு விஷயம் இருக்கு, வேகமா சொல்றேன்.

2023 அக்டோபர்ல எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சு, ஞாபகம் இருக்கா? நிறைய பேர் பயந்து எனக்கு போன் பண்ணாங்க. அது செல் பிராட்காஸ்ட் சோதனை. எஸ்எம்எஸ் மாதிரி ஒவ்வொரு நம்பரா போகாது, வானொலி மாதிரி டவர்ல இருந்து ஒரே தடவை சொல்லும், அந்த வட்டத்துல இருக்கிற எல்லா போனும் கேக்கும், டூர் வந்தவங்க போன் உட்பட. நெட் வேண்டாம். இன்னைக்கு உங்க ஊர்ல ஆபத்துன்னா உங்க ஊருக்கு மட்டும் சொல்லலாம். ஆனா டவர் உயிரோட இருக்கணும், திரும்ப அதே கேள்விதான். டவரும் போயிட்டா பேட்டரி போட்ட ரேடியோதான், அதை வீட்ல ஒண்ணு வெச்சுக்கோங்க.

அப்புறம் கரண்ட். பைக்காரால 1932-லயே மின்சாரம் எடுத்த மலை இது. இப்போ குந்தால 500 மெகாவாட் மின் நிலையத்துக்கு வேலை நடக்குது. மத்தியானம் சோலார் கரண்ட் மிஞ்சுறப்போ கீழ அவலாஞ்சி எமரால்டு அணை தண்ணியை மேல போர்த்திமந்து அணைக்கு ஏத்தி வெச்சுப்பாங்க, ராத்திரி எல்லாரும் லைட் போடுறப்போ அதே தண்ணியை இறக்கி கரண்ட் எடுப்பாங்க. மலையே பேட்டரி. நூறு யூனிட் போட்டா எழுபத்தஞ்சு எண்பதுதான் திரும்ப வரும், இருந்தாலும் வெயில் நேரத்து கரண்டை ராத்திரிக்கு எடுத்து வைக்க பெரிய அளவுல நம்மகிட்ட இருக்கிற நல்ல வழி இது.

கடைசியா சாட்டிலைட். டவரே இல்லாம போன்ல இருந்து நேரா சாட்டிலைட்டுக்கு ஆபத்து மெசேஜ் அனுப்புறது சில நாடுகள்ல 2022-லயே வந்தாச்சு. நம்ம நாட்டுலயும் சாட்டிலைட் இன்டர்நெட்டுக்கு லைசென்ஸ் கொடுத்திருக்காங்க. ஆனா வானம் மறைவில்லாம தெரியணும், சோலைக்குள்ள மரத்தடில நின்னா கிடைக்கிறது கஷ்டம். இதுல சொல்ல நிறைய இருந்துச்சு, கை காட்டிட்டாங்க. பென்சில் இருந்தா ஒரு நம்பர் எழுதிக்கோங்க, போன்ல மட்டும் வெச்சுக்காம காலண்டர்லயும் எழுதி வையுங்க. மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை, 1077. வீட்டுக்கு மேல் பக்கம் மண்ணுல புதுசா வெடிப்பு தெரிஞ்சாலோ, ஊத்து தண்ணி திடீர்னு கலங்கி வந்தாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே கிளம்பி பத்திரமான இடத்துக்கு போங்க, போய் அந்த நம்பருக்கு சொல்லுங்க. வணக்கம்.