ஆறில் எந்த அறை?

நேயர்களுக்கு வணக்கம். காவல்துறையின் ஆயுதக் கிடங்கில் நெடுங்காலம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவராக, இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வாரத்தில் இரண்டு நாள் உட்காருகிறேன்.

அங்கே ஒரு நாள் மலைத்தோட்டக்காரர் ஒருவர் வந்தார். புது ரிவால்வர். வாங்கி நாற்பது ரவுண்டுகூடச் சுடவில்லை. தோட்டா போடும் ஆறு அறைகள் கொண்ட சுழல் உருளையான சிலிண்டர் திறக்கவில்லை, விசையை இழுத்தால் பாதியில் இறுகி நிற்கிறது. “உள்ளே தோட்டா இருக்கிறதா?” என்று கேட்டேன். “இருக்காது, ஐயா” என்றார். ‘இருக்காது’ என்பது எங்கள் தொழிலில் பதிலே இல்லை. குழலை மணல் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்து, சிலிண்டரின் பின்புற இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தோட்டாவின் விளிம்பு எதுவும் தெரியவில்லை. அதன் பிறகுதான் கையில் எடுத்தேன்.

சிலிண்டரின் நடுவில் முன்னோக்கி ஒரு தண்டு நீண்டிருக்கும். சுட்ட கூடுகளை வெளியே தள்ளுவது அதுதான். அதன் தலையில் இடுக்கியின் பல் பதிந்திருந்தது. விசாரித்தால், துடைக்கும்போது தண்டு லேசாக ஆடுவதுபோல் இருந்ததாம். வலப்பக்கமாக நன்றாக முறுக்கிவிட்டாராம். வீட்டில் எந்தத் திருகையும் அப்படித்தானே முறுக்குகிறோம்? ஆனால் அந்தத் தண்டின் மறை (திருகுப் புரி) இடமறை, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். அவர் இறுக்க இறுக்க அது கழன்று நீண்டு, குழலின் அடியில் இருக்கும் பூட்டில் போய் முட்டிக்கொண்டது.

இடமறை வந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில், சுடுபவர் பார்வையில் சிலிண்டர் இடப்பக்கமாகச் சுழலும். கோல்ட் ரிவால்வர்களில் வலப்பக்கம். இடப்பக்கம் சுழலும் சிலிண்டரில் தண்டுக்குச் சாதாரண வலமறை வைத்தால், சுடச்சுட அது தானாகவே கழலும். அதனால்தான் 1960-களின் தொடக்கத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இடமறைக்கு மாறியது. ஆகவே உங்கள் தண்டின் மறை எந்தப் பக்கம் என்று கையேட்டில் பார்க்காமல் தொடாதீர்கள்.

சிலிண்டர் மூடியிருந்தபடியே தண்டை எதிர்ப்பக்கமாக விரலால் திருகினேன். திறந்துகொண்டது. இறுதியாக முறுக்குவதற்கு முன் ஆறு அறைகளிலும் காலிக் கூடுகளைப் போட்டேன். அவை தாங்கலாக இல்லாவிட்டால், கூடு தள்ளும் நட்சத்திரத் தகட்டைப் பிடித்திருக்கும் சிறு ஊசிகள் முறிந்துபோகலாம்.

எல்லாப் புது ரிவால்வரும் இந்தக் காரணத்தால் இறுகுவதில்லை. விசையின் கனமும் சிக்கலும் ஒன்றல்ல என்பதையே பலர் கவனிப்பதில்லை. தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் குதிரையை முன்கூட்டியே தூக்கி வைக்காமல் விசையை மட்டும் இழுத்துச் சுட, பல ரிவால்வர்களில் ஐந்து கிலோவுக்கு மேல் இழுவை வேண்டும். தூக்கி வைத்துச் சுட்டால் இரண்டு கிலோ கூடத் தேவைப்படாது. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராகக் கனத்தால் அது இயல்பு. ஓரிடத்தில் தடுக்கினால்தான் கோளாறு. ‘புது வண்டி மாதிரி, ஓடி ஓடிப் பதமாகும்’ என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. போலித் தோட்டா போட்டுச் சில நூறு முறை இழுத்தால் சொரசொரப்பு குறையும். சிக்கல் அப்படித் தீராது.

சிக்கலைக் கண்டுபிடிக்க மார்க்கர் பேனா ஒன்று போதும். காலி சிலிண்டரில் ஒவ்வோர் அறைக்கும் எண் போட்டு, விசையை மிக மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே அறையில் மட்டும் மாட்டினால், பின்னால் இருக்கும் சுழற்றுப் பற்களில் ஒன்றில் பிசிறு இருக்கலாம். சுற்றில் ஒரு பாதி இறுகி மறுபாதி இளகினால், தண்டு வளைந்திருக்கலாம். ஆறிலும் இறுகினால் முதலில் அழுக்கைச் சந்தேகியுங்கள். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசும் கெட்டி எண்ணெய் மலைக்குளிரில் பசைபோல் ஆகிவிடும். நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துகள் நாலைந்து ஒட்டினாலே சிலிண்டர் பின்னால் உரசும். பழைய பல்துலக்கி போதும். கூடுகளைத் தள்ளும்போது குழல் வானம் பார்த்திருந்தால் அந்தத் துகள் உள்ளே விழாது.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது வழக்கம். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் இதைவிடச் சிறிய அளவைக் காட்டினால், முதல் இரண்டு சுற்று நன்றாகப் போகும். பிறகு கரியும் சூடும் சேர்ந்து மாட்டும். தோட்டா போட்டால் மட்டும் மாட்டுகிறது என்றால் தோட்டாவைப் பாருங்கள். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் முழுதாக அமராமல் துருத்தியிருக்கலாம். எடை குறைந்த ரிவால்வரில், சுடும் அதிர்ச்சியில் மற்ற அறைகளின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னேறி நீட்டியும் நிற்கலாம். இந்தச் சோதனையைச் சுடுதளத்தில் மட்டுமே செய்ய வேண்டும், வீட்டில் கூடவே கூடாது.

மரப்பிடியைக் கழற்றிப் பார்த்தவுடன் குணமான துப்பாக்கிகளும் உண்டு. பிடியின் உட்புறம் பெரிய ஸ்பிரிங்கில் உரசிக்கொண்டிருந்திருக்கும்.

இதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. அரம், உப்புத்தாள் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஸ்பிரிங்கை வெட்டினால் விசை இளகும், குதிரையின் அடியும் தளர்ந்து தோட்டா வெடிக்காமல் போகும். தவிர, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் கேட்கிறது. பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது, எத்தனையாவது அறை, காலியாகவா தோட்டாவுடனா, எத்தனை ரவுண்டுக்குப் பிறகு என்று தாளில் எழுதிக் கொடுங்கள். ‘மாட்டுகிறது’ என்று மட்டும் எழுதினால் நாங்களும் ஒன்றிலிருந்துதான் எண்ண வேண்டும்.

தோட்டக்காரர் கிளம்பும்போது, “எவ்வளவு, ஐயா?” என்றார். “அந்த இடுக்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், போதும்” என்றேன். சிரித்தார். இன்னும் கொண்டுவரவில்லை.