காய்ச்சல் என்றாலே டெங்குவா?

வணக்கம் மக்களே! இன்றைக்கு மாடித் தோட்டம் வீடியோ வந்திருக்க வேண்டும். அது அடுத்த வாரம். அக்கா பையனுக்குக் காய்ச்சல், அதைத் தவிர வேறு எதுவும் பேச வரவில்லை.

மழை பிடித்துவிட்டால் நம் தெருவில் யாருக்கு உடம்பு சுட்டாலும் முதல் வார்த்தை டெங்குதான். சந்தேகப்படுவது சரி. ஆனால் சந்தேகம் வேறு, உறுதியானது வேறு. 2017-இல் இலங்கையில் டெங்கு 1,86,101 பேர் என்று கணக்கு வந்ததே, அதுவே சந்தேகத்தின் பேரில் பதிவானவர்களின் எண்ணிக்கை. அத்தனை பேருக்கும் ரத்தத்தில் உறுதியானது என்று அர்த்தமில்லை.

அக்கா முதலில் போன லேபில் 'காய்ச்சல் பேக்கேஜ்', 2,400 ரூபாய். பில்லைக் காட்டுகிறேன், பாருங்கள். மூன்றாவது வரி தைராய்டு! கீழே வைட்டமின் டி! பள்ளிக்கூடப் பையன், முந்தாநாள் வந்த காய்ச்சல், தைராய்டு எதற்கு? டெங்கு மட்டும் எடுங்கள் என்றால் முடியாதாம். எனக்கு இந்த பேக்கேஜ் சமாச்சாரமே ஆகாது, உங்களுக்குத்தான் தெரியுமே.

அதைவிடக் கொடுமை, டெங்குவுக்கு அவர்கள் பார்த்தது ஐஜிஎம் கார்டு மட்டும், அதாவது டெங்குவை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும் அட்டைச் சோதனை. ஐஜிஎம் பொதுவாக ஐந்தாம் நாள் வாக்கில்தான் தெரிய ஆரம்பிக்கும். அதற்கு முன், டெங்கு வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 சோதனை பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் ஐஜிஎம் நெகட்டிவ் என்ற தாளை வைத்து டெங்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் அரசு மருத்துவமனைக்குப் போனோம். எலைசா என்ற ஆய்வக முறையில் என்எஸ்1, ஒரு பைசா வாங்கவில்லை. அதுவும் நெகட்டிவ். ஆனால் அந்த டாக்டரம்மா அதோடு விடவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, கையைத் தூக்கி, அக்குளைப் பார்த்தார். சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்பாக ஒரு பொருக்கு! உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். அட, இதைச் சொல்லாமல் விட்டேனே: விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போனவன் புதருக்குள் பந்து தேடியிருக்கிறான். அங்கேதான் அந்த உண்ணி கடித்திருக்க வேண்டும். மருந்து ஆரம்பித்ததும் காய்ச்சல் மளமளவென்று இறங்கிவிட்டது. எனக்கு அந்த டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

டெங்குவாகவே இருந்தால், காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின், இபுபுரூஃபன் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் ஊர் லேப் பில்லிலும் தைராய்டு இருக்கிறதா? பார்த்துவிட்டு கமெண்டில் போடுங்கள்.