ஷட்டர் இறங்கிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை பாரிமுனையில், என்.எஸ்.சி. போஸ் சாலையில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல் கடைகளின் ஷட்டர் இறங்கும். அதன் பிறகுதான் அந்த அம்மா வருவார். கடைப் படியைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். சந்தில் சுருட்டி வைத்த தார்ப்பாயை எடுத்து விரிப்பார். மூன்று செங்கல், ஒரு அலுமினியக் குண்டான், ஒரு தகரப் பெட்டி. சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளைகள் படுக்கப் பதினொன்று ஆகிவிடும். விடிகாலை நாலு மணிக்கு அவர் பூக்கடையில் உதிரி மல்லி வாங்க நிற்க வேண்டும். வண்டி இல்லாதவர், அந்த நேரத்துக்கு எந்த ஊரிலிருந்து வந்து சேருவார்?

ஒருநாள் நான் அங்கே பேசிக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டரில் வந்த ஒருவர் நின்றார். பின்னால் உட்கார்ந்திருந்த மகனிடம், "ஒழுங்கா படிக்கலைன்னா நீயும் இப்படித்தான்" என்றார். அந்த அம்மாவின் மகள் அப்போது தகரப் பெட்டிமேல் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. தலை நிமிரவில்லை. பென்சில் மட்டும் நின்றுபோனது.

பன்னிரண்டு வருஷமாக வீடில்லாதவர்களுக்காக வேலை செய்கிறேன். பிளாட்பாரத்தில் ஒருவரைக் கண்டதும் நம் மனசில் வரும் சொற்கள் மூன்றுதான்: பிச்சைக்காரர், குடிகாரர், திருடர். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோரை நான் வேலைக்காரர்களாகத்தான் பார்த்திருக்கிறேன். மூட்டை தூக்குகிறவர், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், பூக்கட்டுகிறவர். குடிப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. சுவர் உள்ளவர் குடித்தால் அது சுவருக்குள்ளேயே இருந்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மனநலம் குன்றி, குடும்பத்தாரால் கைவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மருத்துவம்.

இந்தப் பார்வை சட்டத்துக்குள்ளும் உண்டு. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1945-ல் வந்தது. ஆனால் 1985-ல், பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலைக்குப் பக்கத்தில்தான் மனிதர்கள் படுக்கிறார்கள் என்பது அந்த வழக்கிலேயே பேசப்பட்ட விஷயம். 2010-ல் அதே நீதிமன்றம், பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம், அதுவும் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது.

காப்பகம் திறப்பது அவ்வளவு சுலபமா? ஒரு தெருவில் இடம் பார்த்தோம். அந்தத் தெருவாசிகள் கூடிவிட்டார்கள். "பொம்பளப் பிள்ளைங்க இருக்கற தெரு சார், இங்க வேணாம்" என்றார் ஒரு பெரியவர். நாங்கள் திறக்க நினைத்ததே பெண்களுக்கான காப்பகம். அதைச் சொன்ன பிறகும் அவர் மனசு மாறவில்லை.

இன்னொரு பக்கம், கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்பவர்கள். நான் பார்த்த காப்பகங்களில் ஆண்களுக்கு ஒரு இடம், பெண்களுக்கு வேறு இடம். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், வளர்ந்த பையன் எந்தப் பக்கம்? குடும்பம் பிரிய வேண்டாம் என்று அவர்கள் மறுப்பதை, "பிளாட்பாரம் பழகிப்போச்சு இவங்களுக்கு" என்று நாம் முடித்துவிடுகிறோம்.

வீடில்லாதவருக்கும் ஓட்டு உண்டு. முகவரிச் சான்று கேட்கக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரி நேரத்தில், ஒரு தடவைக்கு மேல் நேரில் போய், அவர் அங்கேதான் படுக்கிறார் என்று பார்த்துக்கொண்டால் போதும். தேர்தல் ஆணையத்தின் விதி இது. லத்தியோடு வருகிறவரைப் பார்த்தே பழகியவர்களுக்கு, பேரை எழுதிக்கொள்ள ஒருவர் ராத்திரியில் வருவார் என்று சொன்னால் முதலில் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

அந்தப் பூக்கார அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்து வாடகைக்கு வீடு தேடினார். நானும் கூடப் போனேன். அஞ்சு வீடு பார்த்தோம். பத்து மாச அட்வான்ஸைக்கூடப் புரட்டிவிடலாம் என்றிருந்தார். "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்ற கேள்வியில்தான் ஒவ்வொரு வீடும் கைவிட்டுப் போனது. உண்மையைச் சொன்னால், "நேத்தே ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்மா" என்ற பதில் வரும்.

இப்போது வியாசர்பாடியில் குடியிருக்கிறார்கள். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அக்கம்பக்கத்தில் யாராவது முன்பு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், "பாரிமுனை பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா பேச்சை மாற்றிவிடுகிறார்.