எது அதிகமோ அது

நேயர்களுக்கு வணக்கம்.

மியூச்சுவல் ஃபண்ட் மீது எழுதப்படும் ஆப்ஷனுக்கு, அதாவது முன்பே சொன்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ தரப்படும் உரிமைக்கு, எப்படி விலை வைப்பது, அந்த ஆபத்தை எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொன்னதும், எனக்கு நினைவு வந்தது யு.எஸ்-64 திட்டம்தான்.

1964-இல் யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா தொடங்கிய திட்டம் அது. ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகை, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் என்று நடுத்தரக் குடும்பங்கள் நம்பிப் போட்டன. திட்டத்தில் ஒருவருக்கு உள்ள பங்குக்கு யூனிட் என்று பெயர். யூனிட்டைத் திருப்பிக் கொடுத்தால் என்ன விலை என்பதை நிறுவனமே அறிவிக்கும். உள்ளே இருக்கும் முதலீடுகளின் உண்மை மதிப்பை, அதாவது என்.ஏ.வி.யை, 2001 முடியும் வரை வெளியிடவே இல்லை.

சொன்ன விலைக்குத் திருப்பி விற்கும் உரிமைக்குப் பங்குச் சந்தையில் புட் ஆப்ஷன் என்று பெயர். அதற்கு பிரீமியம், அதாவது அந்த உரிமைக்கான விலை, கட்ட வேண்டும். இங்கே யாரும் கட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதன் விலைதான் என்ன? 100 ரூபாய் மதிப்புள்ள ஃபண்ட், ஓராண்டு கழித்து 100 ரூபாய்க்குக் குறையாமல் தருவதாக வாக்கு என்று வைத்துக்கொள்வோம். வட்டியை ஒதுக்கிவிட்டால், ஃபண்டின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 10 சதவீதமாக இருக்கும்போது அந்த வாக்கின் விலை சுமார் 4 ரூபாய். ஏற்ற இறக்கம் 20 சதவீதமானால் சுமார் 8 ரூபாய். ஃபண்டில் எதை வாங்குவது, எதை விற்பது என்று தீர்மானிப்பவர் மேலாளர். அவர் கடன் பத்திரத்தை விட்டுப் பங்குகளின் பக்கம் சாய்ந்தால், வாக்கின் விலை சத்தமில்லாமல் ஏறிவிடும். 1990-களில் யு.எஸ்-64 அப்படித்தான் சாய்ந்தது.

சரி, வாக்குக் கொடுத்தவர் ஹெட்ஜ் செய்து, அதாவது நஷ்டத்தை ஈடுகட்ட எதிர்த்திசையில் ஒரு வியாபாரம் செய்து, தப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். புட் எழுதியவர், அதாவது அந்த வாக்கைக் கொடுத்தவர், மதிப்பு இறங்க இறங்க அதே சொத்தைக் கடன் வாங்கி விற்றுக்கொண்டே போக வேண்டும். தனிப் பங்கு என்றால் முடியும். ஃபண்ட் யூனிட்டை யாரிடம் கடன் வாங்குவது? மதிப்பும் நாளுக்கு ஒரு முறைதான் தெரியும். ஆகவே யூனிட்டுக்குப் பதிலாக நிஃப்டி ஃபியூச்சர்ஸை விற்பார்கள். நிஃப்டி என்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு; ஃபியூச்சர்ஸ் என்பது பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம். நிஃப்டியும் ஃபண்டும் ஒரே அளவில் நகராதே! மேலாளர் வாங்கிய பங்குகள் நிஃப்டியைவிட அதிகமாக விழுந்தால், அந்த வித்தியாசம் வாக்குக் கொடுத்தவர் தலையில். அதுவும் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் இந்தியாவில் தொடங்கியதே 2000 ஜூனில்தான். நிஃப்டி ஆப்ஷன் வந்தது 2001 ஜூனில்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. உண்மை மதிப்பைவிட உயர்ந்த விலைக்கு ஒருவர் யூனிட்டைத் திருப்பிக் கொடுத்தால், அந்தக் கூடுதல் பணம் உள்ளே மிச்சம் இருப்பவர்களின் பங்கிலிருந்துதான் போகும். 2001-இல் திட்டம் முடக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில் பெரிய நிறுவனங்கள் பெருந்தொகையை எடுத்துக்கொண்டு வெளியேறின. தகவல் தெரியாத சிறு முதலீட்டாளர்தான் உள்ளேயே இருந்தார். 2001 ஜூலை 2 அன்று, விற்பனை, திருப்பி வாங்குதல் இரண்டுமே ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டன.

அப்புறம்தான் அரசு தலையிட்டது. 5,000 யூனிட் வரை வைத்திருப்பவருக்கு, 2003 மே மாத இறுதியில் யூனிட்டுக்கு 12 ரூபாய் அல்லது என்.ஏ.வி., எது அதிகமோ அது. புட் ஆப்ஷனுக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியாது. 2002 தொடக்கத்தில் முதன்முறையாக என்.ஏ.வி. வெளிவந்தபோது அது 5 ரூபாய் 81 காசு. அந்த மதிப்பிலேயே நின்றிருந்தால், 5,000 யூனிட்டுக்கு 60,000 ரூபாய் வாக்குக்கு எதிரே இருந்தது 29,050 ரூபாய்தான். மீதி 30,950 ரூபாய் அரசு கஜானாவிலிருந்து வர வேண்டும்.

2003-இல் யூனிட் டிரஸ்ட் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. காத்திருந்தவர்களில் பலர் பணத்துக்குப் பதிலாக, 6.75 சதவீத வட்டி தரும் வரிவிலக்குப் பத்திரத்தை வாங்கிக்கொண்டார்கள். பிரீமியமாக ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்திருக்க வேண்டிய பணத்தை, கடைசியில் யூனிட்டே வாங்கியிராத வரிதாரர்களும் சேர்ந்து கட்டினார்கள்.

வணக்கம்.