கிரேப் பேப்பர் ரோஜா: வரியைப் பார்த்து வெட்டுங்கள்

[காட்சி: மேசையில் இரண்டு சிவப்பு ரோஜாக்கள். ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, மற்றது தொய்ந்து கிடக்கிறது.]

இரண்டும் ஒரே பேப்பர், ஒரே அளவு இதழ், ஒரே பசை. வெட்டிய திசை மட்டும் வேறு. கிரேப் பேப்பரில் பூ செய்ய உட்காரும் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

[காட்சி: பேப்பர் மிக நெருக்கத்தில்.]

பேப்பரை வெளிச்சத்தில் பிடியுங்கள். மெல்லிய சுருக்கங்கள் வரிவரியாக ஒரே பக்கமாக ஓடும். வரியின் போக்கிலேயே இழுத்தால் கொடுக்காது. குறுக்கே இழுத்தால் நீளும், கையை எடுத்தாலும் ஓரளவு அப்படியே நிற்கும். சாதா கலர் பேப்பருக்கு இந்தக் குணம் கிடையாது. அதில் செய்த ரோஜா தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே, வரி இதழின் அடியிலிருந்து நுனிவரை நெட்டுக்கு ஓடும்படி வெட்டுங்கள். அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் இதழின் நடுவில் வைத்து, பக்கவாட்டில் மெதுவாக விரியுங்கள். குழிக்கரண்டி மாதிரி குழி விழும். ஓரத்தை இழுக்க வேண்டாம், அது அலை அலையாகிவிடும். வரி குறுக்கே இருந்தால் என்ன ஆகும்? இதழ் அகலாமல் உயரவாக்கில் நீண்டு நாக்குத் தள்ளும். அந்தத் தொய்ந்த ரோஜாவின் கதை அதுதான்.

[காட்சி: வெட்டிய இதழ்கள் வரிசையாக.]

உள்ளே வைக்க 4 சென்டிமீட்டர் அகலத்தில் ஐந்து இதழ், வெளியே 6 சென்டிமீட்டரில் ஏழெட்டு. உள் இதழ் நீர்த்துளி வடிவம், வெளி இதழ் நுனி லேசாகப் பிளந்த இதய வடிவம். அச்சு அசலாக ஒன்றுபோல வெட்ட மெனக்கெடாதீர்கள், கொஞ்சம் ஏறுக்குமாறாக இருந்தால்தான் நிஜப் பூ மாதிரி இருக்கும். பேப்பர் ரொம்ப மெல்லிசா? வெட்டுமுன் இரண்டு தாளை வரியோடு வரி சேர்த்து, குச்சிப் பசையால் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று ரோஸ் என்று வைத்தால் இதழுக்கு உள்ளொரு நிறம், வெளியொரு நிறம் கிடைக்கும்.

[காட்சி: கம்பி நுனியில் பஞ்சு.]

கம்பி நுனியை வளைத்து, கொண்டைக்கடலை அளவு பஞ்சு சுற்றி, பேப்பரால் மூடுங்கள். முதல் இதழை அதன்மேல் இறுக்கமாகச் சுருட்டுங்கள். அடுத்தடுத்த இதழ் ஒவ்வொன்றும் முந்தைய இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மறைக்க வேண்டும். வெளி இதழ்களின் ஓரத்தை மட்டும் பேனா ரீஃபிலில் சுருட்டிப் பின்பக்கம் மடக்குங்கள்.

பசை ஒரு பொட்டு போதும். ஈரம் அதிகமானால் சாயம் கழன்று விரலில் ஒட்டும், அடர் சிவப்பில் கேட்கவே வேண்டாம். என்னைக் கேட்டால் பசையைவிடத் தையல் நூல் மேல். ஓர் இதழ் வைத்ததும் அடியில் இரண்டு சுற்று சுற்றி இறுக்குங்கள், காயக் காத்திருக்கும் வேலையே இல்லை.

[காட்சி: பச்சை டேப் சுற்றும் கை.]

அடியில் பச்சைப் பேப்பரில் ஐந்து புல்லி இதழ். பிறகு பூ வேலைக்கான பச்சை டேப்பைக் கம்பி நெடுகச் சுற்றுங்கள். அதைத் தொட்டால் ஒட்டாது. இழுத்தால்தான் அதிலுள்ள மெழுகு வெளிப்பட்டு ஒட்டும், அதனால் இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும்.

கொலுப்படியில் வைக்கலாம், ஜாடியில் வைக்கலாம். நேர் வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும். தூசி சேர்ந்தால் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.